பதினோரு கண்ணி

சமையலறை வாசலில் ஹானுஸுக்குக் கால் ஒட்டிக்கொள்கிறது.
உடம்பு முன்னே போகிறது,
பாதம் வரமாட்டேன் என்கிறது.
முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில்
ஆடுகிற தளத்தில் காபி சிந்தாமல் நடந்த மனிதர்.
இப்போது தரை ஆடுவதில்லை,
காபிதான் ஆடுகிறது.

மாத்திரை ஐந்து வேளை.
அதில் கை வைக்காதீர்கள்,
மற்றதை முயன்று பாருங்கள் என்றாள்
டோர்ஷாவ்ன் மருத்துவர்.

முயன்றோம்.
வாசல் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினேன்,
கோட்டைப் பார்த்தால் கால் தாண்டுமாம்.
தாண்டியது, நான்கு நாள்.
ஐந்தாம் நாள் நாய் அதன்மேல் படுத்துக்கொண்டது.
கோபன்ஹேகனிலிருந்து மகள் ஒரு தாளக்கருவி அனுப்பினாள்.
டிக், டிக்.
எஞ்சின் அறையில் இதைவிட நல்ல சத்தம் கேட்டிருக்கிறேன் என்று
கத்தி வைக்கும் இழுப்பறையில் போட்டு மூடினார்.
நாத்தனார் ஏதோ விதைப்பொடி வாங்கித் தந்தாள்.
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்த மருத்துவர்
ஒரே கப்பலுக்கு இரண்டு கேப்டன் வேண்டாம் என்றாள்.

பிப்ரவரியில் ஊர் மண்டபத்தில் வட்ட ஆட்டம்.
எங்கள் தீவில் அதற்கு வாத்தியம் கிடையாது,
தொண்டையும் செருப்பும்தான்.
இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஒன்று,
நடுவில் ஒரு நீண்ட கதை:
ஏழு சகோதரர்கள், ஒரு படகு, திரும்பாத ஒருவன்.
ஹானுஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்,
கையைத் தொடைக்கு அடியில் ஒளித்து.

பஸ் ஓட்டும் எய்யுன்
முடியுமா என்று கேட்கவில்லை.
வட்டம் சுற்றி வந்தபோது கையை நீட்டினான், அவ்வளவுதான்.
இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த நடுக்கம் என் கைக்கு ஏறியது,
என்னிடமிருந்து தபால்காரிக்கு,
அவளிடமிருந்து அடுத்தவருக்கு,
நாற்பது பேருக்குப் பங்கு வைத்தபின்
யாருக்கும் பெரிதாக மிஞ்சவில்லை.
கால்?
கால் போய்க்கொண்டே இருந்தது.
யாரும் அதனிடம் எதுவும் கேட்காததால் போலும்.
ஒரு மணி நேரம்.
வியர்த்த முகத்தில் பழைய ஹானுஸ்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாட்டு முடிந்தது.
எல்லோரும் காபிக்கு நகர்ந்தார்கள்.
மண்டபத்தின் நடுவே அவர் மட்டும்,
நட்டு வைத்த கம்பமாக.
நான் மேலங்கிகளை எடுக்கப் போவதுபோல் போனேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை:
மேலங்கிகள் காத்திருந்திருக்கும்.

நோய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
மருத்துவர் விரலைத் தட்டச் சொன்னாள், எழுதச் சொன்னாள்,
தாளில் எழுத்து எறும்பாகச் சுருங்கியது.
ஆனாலும் ஆடுங்கள் என்றாள்.
ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

இப்போது இரவு மூன்று மணிக்கு
நடைவழியில் கால் மாட்டிக்கொண்டால்
நான் எழுந்து வந்து கையைப் பிடிக்கிறேன்.
மெல்லிய குரலில் தொடங்குகிறேன், ஏழு சகோதரர்கள்.
கண்ணி என்றால் பாட்டு,
கண்ணி என்றால் பொறியும்.
ஒன்றில் சிக்கிய காலை
இன்னொன்று விடுவிக்கிறது.
இரண்டு இடம், ஒன்று வலம்,
தூக்க உடையில் இரண்டு கிழ நண்டுகள்.
கழிவறைக்குப் பதினோரு கண்ணி.
நல்ல நாளில் ஏழு.
மோசமான நாளில் படகு கவிழ்வதுவரை போக வேண்டியிருக்கும்.

போன வாரம் எட்டாவதில்
எனக்கு வரி மறந்துவிட்டது.
இருட்டில் நின்றோம்.
அவருக்கும் வரவில்லை.
நாய் எழுந்து பார்த்தது.
பிறகு ஹானுஸ், நோய் கீழிறக்கிவிட்ட அந்தத் தேய்ந்த குரலில்,
நான்காம் சகோதரனுக்கு அவசரமாக
ஒன்றுக்கு வந்ததைப் பற்றி
ஒரு வரி தானாகக் கட்டிப் பாடினார்,
எதுகை மோனை பிசகாமல்.

சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.
கொஞ்சம் தாமதம்தான்.
காலையில் காலுறைகளைத் துவைத்துக்
கொடியில் போட்டேன்.
காற்று பலமாக இருந்தது.