இருநூறு மீட்டரில் இடப்பக்கம்

பெயர்ப்பலகையில் மிச்சமிருந்தது
‘...பாக்கம் பெரிய ஏரி’ மட்டும்.
முன்னெழுத்துகளைத் துரு தின்றுவிட்டது.
பாதிச் சென்னையை அந்த வாலில் கட்டலாம்.

தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த படகு.
காற்றடிக்காதபோது அது ஒரு மெத்தை மூட்டை.
‘கல்யாண வீடா?’ என்ற டிரைவரிடம்
‘ஆமாண்ணே’ என்றாள் பெனிட்டா.
விளக்குவதைவிட அது சுலபம்.

நானூற்றுப் பன்னிரண்டு மிதி,
கால் பம்பை மாற்றி மாற்றி.
எண்ணியது அவள், மூச்சிரைத்தது எனக்கு.
கலங்கல் ஓரத்துத் துவைகல்லில் உட்கார்ந்து
லென்ஸைத் துடைத்தேன்.
மிதவைச் சட்டையின் கொக்கியை
இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.
நீச்சல் தெரியும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஐந்து மணி வெளிச்சம்.
முதல் படத்தில் துடுப்பு.
இரண்டாவதில், ஆகாயத்தாமரைமேல்
நிற்காமல் நடந்த இலைக்கோழியின்
ஒரு கால்.
மூன்றாவதில் பதினாலு மாடி, தலைகீழாக.
ஒன்பதாம் மாடியில் யாரோ உதறிய போர்வை
தண்ணீருக்குள் நனையாமல் ஆடியது.
அப்புறம் எடுத்ததெல்லாம்
கொஞ்சம் சாய்ந்த ஏரி.
‘கொட்டிடும்டா, நிமித்திப் பிடி.’

கரைக்கு வழி பார்க்கச் செல்போனைத் திறந்தால்
வரைபடத்தில் நீலமே இல்லை.
நாங்கள் மிதந்துகொண்டிருந்தது
லேக் பேரடைஸ் நகர், மூன்றாவது குறுக்குத் தெரு.
‘இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்’
என்றது அந்தப் பெண் குரல்.

திரும்பினோம்.
சொன்ன இடத்தில் சொன்னபடி.
பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் நாமக்கோழிகள்.
நாற்பதடிச் சாலை முழுக்கக் கோரை.
முனை மனையின் கல் மட்டும்
கழுத்தளவு நீரில் நின்றது,
மஞ்சள் பெயின்டில் நாற்பத்தாறு.
அதன் தலையில் ஒரு நீர்க்காகம்
பட்டா கையில் இருப்பதுபோல
சிறகை விரித்துக் காயவைத்திருந்தது.
சாயாமல் வந்த ஒரே படம் அது.
அது பறந்ததும்
படகுக் கயிற்றை அந்தக் கல்லில்தான் கட்டினேன்,
இருட்டும்வரை.

பாதையில்லாத கரையில் கூடாரம்.
அடுப்பு இருந்தது. அதன் சிலிண்டர்
என் வீட்டு ஷூ ரேக்கின்மேல் இருந்தது.
பெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை,
பிரியாணி ஆர்டர் போட்டாள்.

ஒன்பது இருபதுக்கு அழைப்பு.
‘அக்கா, லொகேஷன் தண்ணிக்குள்ள காட்டுது.’
‘அங்கதான் தம்பி.’
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவன் பக்கமும் இதே தவளைகள்.

எதிர்க்கரையில் ஒரு ஹெட்லைட் நின்றது.
அது தண்ணீரில் போட்ட கோட்டைப் பிடித்தபடி
துடுப்பு வலித்தோம்.

தணிகைவேல் என்று பெயர். சிவப்புச் சட்டை.
பொட்டலத்தை நீட்டிவிட்டுக் கையை எடுக்காமல்
படகையே பார்த்தான்.
‘உள்ள உக்காரலாமா? ஒரே நிமிஷம்.’
நான் இறங்கிச் சேற்றில் நின்றேன்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை அவன்.
துடுப்பைக் குறுக்கே பிடித்தான்
வண்டியின் ஹேண்டில்பாரைப் போல.
அவன் வண்டி விளக்கிலேயே நாலு படம்.
ஒன்றை அங்கேயே அனுப்பச் சொல்லி
பெரிதாக்கி, தன் முகத்தைத் தேடி,
ஹெல்மெட்டுக்குள் கண்டுபிடித்தான்.
‘கேட்டா கொடைக்கானல்னு சொல்லிக்கிறேண்ணா.’
அடுத்த ஆர்டர் சேலையூரில் காத்திருந்தது.

வண்டி போனபின் ஏரி முழுக்க இருட்டு.
கரைவரை பொறுக்க முடியாமல்
நடுவழியில் பொட்டலத்தைப் பிரித்தோம்,
அநேகமாக மூன்றாவது குறுக்குத் தெருவில்.
முட்டை ஒன்றுதான் இருந்தது.
நூலால் அறுக்கலாம் என்றால்
நூல் இல்லை. கேமரா வாரின் ஓரத்தால் அறுத்தாள்.

தலைகீழ் மாடிகளில் விளக்குகள்
ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன.
ஒன்பதாவதில் மட்டும்
வெகுநேரம் யாரோ தூங்கவில்லை.
பேட்டரி தீர்ந்திருந்தது.