எதுவும் தொடாத இடம்

நாற்பது சாப்ற் வேணும், வெட்டுமெசினுக்கு.
போகம் முடிய இன்னும் பதினாறு நாள்.
அச்சிமுகம்மது எங்கள் விலைத்தாளை
மேசையில் மல்லாத்திப் போட்டு
"ஒண்டுக்கு ஒன்பதாயிரமா, புள்ள?" என்றார்.
சம்மாந்துறை வெயில்
அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

விலை குறைக்க எனக்குத் தெரிந்த வழி
கிருபைராசாவின் நாட்கூலி.
எல்லாருக்கும் தெரிந்த வழி அதுதான்.
கல்குலேற்றரில் அந்த இலக்கத்துக்கு மேலே
விரலைக் கொண்டுபோனேன்.
எடுத்துவிட்டேன்.

மறுகா வரைபடத்தை விரித்தேன்.
வெட்டுமெசினைச் செய்த தேசத்தில் யாரோ
ஒரே அம்புக்குறியால் முழு நீளத்துக்கும் போட்ட கட்டளை:
மில்லிமீற்றரின் நூறில் ஒன்றும் பிசகக்கூடாது.

"இந்த நடுவில என்ன வந்து பொருந்தும்?"

கிருபைராசா லேத்தை நிறுத்தினான்.
கழற்றி வந்த பழைய சாப்றைத் தூக்கி
வாசல் வெளிச்சத்தில் உருட்டினான்.
இரண்டு முனையிலும் பெயரிங் இருந்த தடம்,
பெருவிரல் அகலம்.
நடுவெல்லாம் சேறு, துரு,
காய்ந்து ஒட்டிய வைக்கோல் துணுக்கு.
"ஒண்டும் பொருந்தாதக்கா. காத்துத்தான்."

காற்றுக்காக
ஐம்பது நிமிடம் கடைந்திருக்கிறோம்.
காற்றுக்காக மட்டத்தாள் தேய்த்திருக்கிறோம்.
காற்றுக்குச் சரிவரவில்லையென்று
போன போகத்தில் மூன்று துண்டுகளை
மூலையில் எறிந்தும் இருக்கிறோம்.
அவை அங்கேதான் கிடக்கின்றன.

படத்தில் பருமன் இருபத்தெட்டு.
கல்முனைக் கடையில் கிடைப்பது முப்பது.
அந்த இரண்டும் நீலச் சுருளாய் உதிர்ந்து
பழைய இரும்புக்காரனின் தராசுக்குப் போகும்.
முப்பதாகவே விட்டால்?
கிருபைராசா வேர்னியரோடு தெருவில் இறங்கி
மெசினுக்கு அடியில் படுத்தான்.
செருப்பில்லாத இரண்டு கால்கள் மட்டும் வெளியே.
அச்சிமுகம்மது குனிந்து பார்த்தார்.
"இடமிருக்கு" என்றது மெசினின் வயிறு.

ஒரு சிறு துளையும் இருந்தது, பக்கவாட்டில்.
எதற்கென்று மூவருக்கும் தெரியவில்லை.
எண்ணெய்க்கு என்றார் அவர்.
எண்ணெய் போகும் வழி ஒன்றும் இல்லையே என்றான் இவன்.
அடித்துவிட்டால் இன்னும் இருநூறு குறையும்.
துணிவு வரவில்லை. விட்டுவிட்டோம்.

ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது.
நாட்கூலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பதினோராம் நாள் வந்து
ஒன்றைக் கையில் எடுத்து, மங்கிய நடுப்பகுதியைத் தடவி,
"மினுக்கமில்லையே, புள்ள" என்றார்.
"மினுங்க வேண்டிய இடம் மினுங்குது, காக்கா."
நம்பாமல்தான் சல்லியை எண்ணினார்,
எண்ணிவிட்டு
"அந்த ஐம்பதையும் விடேலாதா?"

விட்டேன்.

இரவு, வயல்பக்கம் வெட்டுமெசின் இரையும் சத்தம்.
நாற்பதில் எத்தனை இப்போது சுழலும்?
நெல்லும் தூசியும் அப்பிய இருட்டுக்குள்
இரண்டு பெருவிரல் அகலம் வழுவாமல்,
மிச்சமெல்லாம் தன்பாட்டுக்கு.

நித்திரை வராமல் புரண்டேன்.
அந்தத் துளை எதுக்கு?