வாத்தில் இறங்கவும்

எவுலாலியா எனக்கு வழி எழுதித் தரவில்லை.
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் வரைந்து தந்தாள்:
ஒரு படகு. மூன்று பழம்.
ஒரு சோளக்கதிர். கடைசியில் வாத்து.

படகில் ஏறு, பழத்தில் மாறு,
கதிரில் இன்னொரு தடவை மாறு,
வாத்தில் இறங்கு.
எல்லாம் சைகைதான்.
வாத்துக்கு மட்டும் குரல் கொடுத்தாள்.

மெக்சிகோ நகரத்துச் சுரங்க ரயிலில்
நிலையத்துக்கு ஒரு படம் உண்டு.
படிக்கத் தெரியாதவர்களுக்கென்று போட்டதாம்.
இருபத்தாறு வருஷமாக மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவன் நான்.
ஒற்று மிகுமா மிகாதா என்று
தூக்கத்திலும் புரளுகிறவன்.
இங்கே எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துதான்;
கூட்டினால் ஒலி வருகிறது,
பொருள் வரமாட்டேன் என்கிறது.
வந்து இறங்கிய நிமிஷமே
கைநாட்டு ஆனேன்.

புத்தகச் சந்தை முடிந்துவிட்டது.
விமானத்துக்கு இன்னும் ஒரு பகல் பாக்கி.
வாத்தில் எனக்கு வேலை எதுவும் கிடையாது.
சுவர் வரைபடத்தின் அத்தனை படங்களில்
அது ஒன்றுதான்
எங்கேயும் போக அவசரப்படாத மாதிரி இருந்தது.

நீலப் பாதை. படகு.
எதிரே வந்து நின்ற பெட்டியில் ஏறினேன்.
கதவருகே ஏதோ எழுதியிருந்தது.
எழுதியிருக்கட்டும்.
மை தீட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
கைக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள்.
சீருடைப் பெண்கள் மூவர்
ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள்.
பிறகுதான் பார்த்தேன்,
பெட்டி முழுவதற்கும் மீசை என்னுடையது மட்டும்.
நடைமேடையில் காவல்காரி விசில் ஊதி
சுட்டுவிரலால் காற்றில் ஒரு கோடு கிழித்தாள்.
ஆயுசெல்லாம் நான் கிழித்த அதே கோடு.
வரியில் புகுந்த வேண்டாத எழுத்து
தலையைக் குனிந்து இறங்கி
நான்கு பெட்டி தள்ளிப் போய் நின்றது.

தலைக்கவசம் போனது. பனை மாதிரி ஒன்று போனது.
முதுகில் ஒலிபெருக்கியைச் சுமந்து ஒருவன் பாட்டு விற்றான்.
அடுத்தவன் நகவெட்டி, பத்து பேசோ.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
ஆனால் தூங்கிச் சாய்ந்த கொத்தனாரின் தலைக்கு
பக்கத்து ஆள்
செய்தித்தாளை மடக்காமலே
தோளைச் சரிசெய்து கொடுத்தான்.

பழத்தில் மாறினேன்.
கதிரில் திசை தப்பி ஏறி
ஒரு நிலையம் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினேன்.
அந்த நிலையத்தின் படம் நினைவில்லை,
வியர்த்தது நினைவிருக்கிறது.

கடைசியில் வாத்து.
வெளியே வந்தேன்.
மேம்பாலம். டீசல் புகை. ஒரு ஜோடி இவ்வளவென்று செருப்புக் குவியல்.
வாத்து இல்லை.
வாத்து நீந்தத் தண்ணீரும் இல்லை.

தள்ளுவண்டிக்காரன் பெயர் லிபோரியோ,
ஏப்ரனில் தைத்திருந்தது.
ரசீதைக் காட்டினேன்.
மாவு ஒட்டிய விரலால் வாத்தைத் தொட்டுச் சிரித்தான்.
உள்ளங்கையைக் கவிழ்த்து, என் நெஞ்சு உயரத்தில்
மெல்ல அலையாட்டினான்.
தார்ச்சாலை, பேருந்துகள், அடுப்பு, என் ஷூ
எல்லாவற்றையும் அந்த அலைக்குக் கீழே காட்டினான்.
ஏரி.
நான் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அவன் தோளைக் குலுக்கி, கரண்டியைத் தூக்கி, புருவத்தால் கேட்டான்:
காரம் போடவா?

திரும்பும்போது ரயில் வேண்டாமென்று
சிற்றுந்தில் தொற்றினேன். பின்வாசல்,
ஒரு காலுக்குத்தான் இடம்.
ஓட்டுநர் எங்கோ முன்னால், ஒரு ஜெபமாலை ஆடும் இடத்தில்.
எல்லோரும் செய்வதைப் பார்த்து
பத்து பேசோ நாணயத்தை முன்னால் நின்றவளிடம் நீட்டினேன்.
திரும்பாமலே வாங்கினாள்.
அவளிடமிருந்து கிடார்க்காரனுக்கு,
அவனிடமிருந்து குழந்தையை வைத்திருந்தவளுக்கு,
பிறகு தலைகளுக்கு நடுவே
முங்கிவிட்டது.
போனது போனதுதான் என்றிருந்தேன்.
ஒரு பாலம், இரண்டு சிக்னல்.
கைமாறிக் கைமாறி மீதி வந்தது,
மூன்று காசு, வெதுவெதுப்பாக.
எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி.
பிழை இல்லை.