பதினோரு ஓட்டைகள்

பண்டமாரானில், பழைய கண்டெய்னர் விற்கும் யார்டில்,
ஊய் தவுக்கே அரைத் தமிழில் சொன்னான்:
"உள்ள போ அக்கா, கதவு சாத்துறேன்.
வெளிச்சம் வந்தா ஓட்டை. வராட்டி விலை."

நான்கு கம்பிகளும் வெளியே விழுந்து பூட்டின.
நாற்பதடி இரும்பு இருட்டு.
பலகைத் தரையில்
எந்தத் துறைமுகத்திலோ கொட்டிப்போன மிளகின் காரம்.
தும்மினேன்.
பெட்டி திருப்பித் தும்மியது.

கண் பழகக் கொஞ்ச நேரமானது.
முதலில் தலைக்கு மேல் ஒன்று.
பிறகு இடது மூலையில் ஆறு,
கார்த்திகை மீன்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு.
கதவோரம் நாலு.
பத்து விரலும் தீர்ந்து
செருப்புக்குள் ஒரு கால்விரலை மடக்கினேன்.

"பதினொன்னு. ஓட்டைக்கு நூறு கழி."
"ஓட்டைக்கு யாரு அக்கா காசு குடுப்பா?"
"அதத்தான் நானும் கேக்குறேன்."
வெயிலில் நின்று பேசி எழுபதில் முடிந்தது.
ஒன்பதாயிரத்து இருநூறு சொன்ன பெட்டி
எட்டாயிரத்து நானூற்று முப்பது வெள்ளி.

அறுநூறு சிவப்பு நாற்காலி, எண்பது வட்ட மேசை,
பந்தல் கால்கள், மணவறைத் தூண்கள், அண்டாக்கள்
எல்லாம் இதுவரை டோபிக்குப் பக்கத்துக் கடையில்
மாதம் தொள்ளாயிரத்துக்குக் குடியிருந்தன,
எங்களைவிட வசதியாக.
அங்கே இனி பபிள் டீ வருகிறதாம்.
தோட்ட ஆபீஸில் கெஞ்சி
பழைய புகைவீட்டுக்குப் பின்னால்
ஒரு துண்டு நிலம் வாடகைக்கு வாங்கியிருந்தேன்.

பூபாலன் பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டி நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை
நாலு நம்பர் கடையில் எழுதிவிட்டு வந்தார்.
விழவில்லை.

உள்சுவரில் யாரோ சாக்பீஸால் போட்ட கோடுகள்:
நாலு நிற்கும், ஐந்தாவது சாய்ந்து வெட்டும்.
பக்கத்தில் எழுதியிருந்த எழுத்து எந்த நாட்டுடையதோ,
கூட்டல் மட்டும் புரிந்தது:
முப்பத்தேழு மூட்டை, ஒன்று குறைகிறது.

வெல்டிங் தேவசகாயம் ஓட்டைக்கு இருபது வாங்கினான்.
எழுபதைக் கழித்து இருபதில் அடைத்ததில்
ஓட்டையில் மட்டும் ஐந்நூற்று ஐம்பது லாபம்.
கணக்கு நோட்டில் அதைத் தனிவரியாக எழுதினேன்.

புக்கிட் ரோத்தான் கோயில் வளைவில் டிரெய்லர் நின்றது.
வளைவு பதின்மூன்றடி ஏழங்குலம்.
பெட்டியும் வண்டியும் சேர்த்துப் பதின்மூன்றடி எட்டு.
சாப்பாட்டுக் கடை மொத்தமும் எழுந்து வந்து
ஆளுக்கொரு யோசனை சொன்னது.
டிரைவர் ஹாஷிம் எதையும் கேட்கவில்லை.
குனிந்து, சக்கரம் சக்கரமாக,
காற்றை இறக்கினான்.
பெருமூச்சுப் பெருமூச்சாக வண்டி தாழ்ந்தது.
பின்னால் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.
மேலே இரண்டு விரல் இடைவெளி.
போன திருவிழாவில் கழற்றாமல் விட்ட
சீரியல் பல்புக் கம்பி மட்டும்
கூரையை நெடுக உரசி
ஏதோ முணுமுணுத்தது.
கை தட்டினார்கள். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

நவம்பர் மழை ஒன்பது நாள்.
பத்தாம் நாள் ஈஜோக் கல்யாணத்துக்குக்
கதவைத் திறந்தேன். எல்லாம் காய்ந்திருந்தன.
மூன்றாவது அடுக்கின் உச்சி நாற்காலியில் மட்டும்
ஒரு கை தண்ணீர்.
அதன் நடுவே
அரிசி மணியளவு பகல்.

நான் எண்ணும்போது தப்பியதா,
வளைவுக் கம்பி கீறியதா, தெரியவில்லை.
தவுக்கேக்குப் போன் போட்டு
"பன்னெண்டு" என்றேன்.
கொஞ்ச நேரம் கிரேன் சத்தம் மட்டும் கேட்டது.
"பதினொன்னு என்னோடது அக்கா.
அது உன் ஊரு ஓட்டை."

நாற்காலியைக் கவிழ்த்துத் துடைத்து
லோரியில் ஏற்றினேன்.