காற்புள்ளி தேவைப்படாத தொகை

மகாதேவபுரா, ஐந்தாம் மாடி.
காற்புள்ளி பார்ப்பது என் வேலை.

ஒரே பன்னிரண்டரை லட்சம்தான்.
12,50,000 என்று லட்சத்தில் நின்று மூச்சு விட்டால்தான்
சென்னைக்காரருக்கு அது தொகையாகத் தெரியும்.
சிங்கப்பூர்த் தமிழருக்கு 1,250,000.
மொழி ஒன்று, மூச்சு வேறு.
ஸ்டுட்கார்ட் போனால் புள்ளி வந்து
காற்புள்ளியை எழுப்பிவிட்டு உட்காரும்,
பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

தேதி இன்னும் மோசம்.
03/04 என்று வைத்தோம்.
நாங்கள் சொன்னது ஏப்ரல் மூன்று.
டல்லாஸில் ஒருவர்
மார்ச் நாலாம் தேதி விடியற்காலையில்
பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றார்.
அந்தப் பழுதுக்கு எண் உண்டு.
அவருக்குத்தான் எங்கள் கோப்பில் பெயர் இல்லை.

போன செவ்வாய், தமிழ்ப் பக்கம் என் முறை.
திறந்தேன். விலைக் கட்டத்தில்
₹௧,௨௪௮

க, உ, ச, அ.
யாரோ தூக்கத்தில் தட்டச்சு செய்த மாதிரி.
'எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வருகிறது,
எழுத்துரு உடைந்திருக்கிறது'
என்று ஆங்கிலத்தில் எழுதி, படம் ஒட்டி,
அவசரம் என்று சிவப்பும் வைத்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் உல்ரிகேயின் பதில்.
அங்கே அப்போதுதான் காலைக் காப்பி.
'உடையவில்லை. இவை தமிழ் எண்கள்.
யாரோ அந்த அமைப்பை இயக்கிவிட்டிருக்கிறார்கள்.
ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு.'
கடைசியில் ஒரு சிரிப்பு முகம் போட்டிருக்கலாம்.
போடவில்லை.

திப்பேசுவாமி நாற்காலியோடு உருண்டு வந்தான்.
"எங்கள் பஸ்ஸில் கன்னட எண் இருக்குமே, பார்த்ததில்லையா?"
பார்த்திருக்கிறேன்.
ஆறும் ஒன்பதும் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.
ஒருமுறை அதை நம்பி ஏறி
கே.ஆர். புரம் வரை போய்விட்டேன்.

பழுதை நானே மூடினேன்.
காரணம் என்ற இடத்தில் பட்டியல் விரிந்தது.
அதில் ஒன்றைத் தேர்ந்தேன்:
'எதிர்பார்த்தபடியே இயங்குகிறது.'
யார் எதிர்பார்த்தார்கள் என்று
கட்டம் கேட்கவில்லை.

மாலை, வாசலில் தேநீர்.
கைப்பேசியைக் காட்டிப் பணம் அனுப்பினேன்.
பிஸ்கட் ஜாடிகளுக்கு நடுவிலிருந்து
அந்தச் சின்னப் பெட்டி உரக்கச் சொன்னது,
"ஹதினைது ரூபாயி."

கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
எனக்கும் புரிந்தது, உடனே.
காற்புள்ளி தேவைப்படாத தொகை.