பதினேழாம் காற்றாலைக்கு ஒரு மாதிரி

பணகுடிக்குத் தெற்கே தகரக்கூரை அறை.
சுற்றிலும் அறுபது காற்றாலை,
என் தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் ஓடாது.

காற்றை நான் பார்த்ததில்லை.
கால்மணிக்கு ஓர் எண் வரும்,
நாளைக்குத் தொண்ணூற்றாறு.
மாவைப் பார்த்து
திரிகை சுற்றிய கையை ஊகிக்கிற வேலை.

முதல் வரியில் மட்டம் என்று எழுதினேன்.
அடுத்து சரிவு.
பிறகு பருவம், அதில் இரண்டு:
மாலை நாலுக்கு இடிந்தகரைப் பக்கமிருந்து ஏறுகிற கடல்காற்றுக்கு ஒன்று,
வைகாசிக் கடைசியில் கணவாய் வழி பாய்கிற மேகாத்துக்கு ஒன்று.
நடுவில் கூட்டல் குறி போட்டால் ஒட்டிக்கொள்கின்றன.
மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு
இரண்டே இரண்டு எண் கேட்டது:

கருவி எவ்வளவு பொய் சொல்லும்?
காற்று எவ்வளவு மனம் மாறும்?

முதலாவதைக் கூட்டினால் நான் பிடிவாதக்காரி,
நேற்று நம்பியதையே இன்றும் நம்புவேன்.
இரண்டாவதைக் கூட்டினால்
கடைசியாய்ப் பேசியவர் பக்கம் சாய்வேன்.
முதலாவதைக் கூட்டினேன்.
வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனி எட்டு, பிற்பகல்.
பதினேழு மட்டும் சட்டென்று விழுந்தது.
பொய் என்று தள்ளிவிட்டு
வாரியத்துக்குப் பழைய கணிப்பையே அனுப்பினேன்.
எண்பது மீட்டர் உயரத்திலிருந்து ஞானதிரவியம் கூப்பிட்டார்:
"மேடம், மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல.
காத்து இங்கன நின்னுட்டு.
மேக்க மழை இறங்குது, வாசம் வருது."
மாதிரி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.
"அது ஒத்துக்கிடாட்டா போவுது. நான் இறங்குதேன்."

அரைமணியில் பதினாறு. பதினெட்டு. அப்புறம் எல்லாம்.
அபராதம் நாற்பத்தோராயிரம்.

அன்றிரவு இடியில் கேபிள் போனது.
பதினோரு நாள் கட்டங்கள் காலி.
மாதிரி நிற்கவில்லை,
கால்மணிக்கு ஓர் அடி வைத்துக்கொண்டே போனது,
அடிக்கு அடி தன் சந்தேகத்தை அகலமாக்கிக்கொண்டு.
கடலை நெருங்குகிற நம்பியாறு போலத்
திரை முழுக்க விரிந்தது அந்தச் சாம்பல் பட்டை.
அதை அப்போதுதான் எனக்குப் பிடித்தது.

எண்கள் திரும்பி வந்ததும்
கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினேன்.
ஆனி எட்டில் இப்போது ஒரு வழுவழுப்பான கோடு:
ஒரு மணிக்கே இறங்கத் தொடங்கியிருக்கிறது காற்று,
எவருக்கும் சந்தேகம் வராதபடி.
அன்று எனக்கு அது தெரியாது.
தெரிந்ததுபோல் ஓடுகிறது கோடு.

அறிக்கையில் இரண்டையும் வைத்தேன்.
மேலாளருக்கு வழுவழுப்பானது போதுமாம்.

இரண்டாம் எண்ணைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.
எவ்வளவு கூட்டலாம் என்று ஞானதிரவியத்திடம் கேட்டால்
"காது அடைக்கு, கீழ வந்து சொல்லுதேன்" என்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே பதினேழு சுற்றுகிறது.
அடுத்த எண்ணுக்கு இன்னும் ஆறு நிமிடம்.