ஆறு கட்டு

தகரம் அடிக்கிற பாஸ் நான்.
இருபத்தெட்டு வருஷமாய் இந்த மலையில்
ஆணி எங்கே இறங்கும், எங்கே வளையும் என்று
கைக்குத் தெரியும்.
புல்லுக்கு என் கை புதிது.

ஹப்புத்தளையில், கணவாய் திறக்கிற விளிம்பில்
ருவன்த மாத்தயாவின் விடுதி.
போனில் ஒரு படம் காட்டினார்:
எங்கோ ஒரு தீவு, நீலக் கடல்,
தலை வாராத பிள்ளை மாதிரி ஒரு புல் கூரை.
"இதே மாதிரி, பாஸ். ட்ரொப்பிக்கலா இருக்கணும்."
நான் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.
காலை ஒன்பது மணி,
பேசும்போது இருவர் வாயிலும் புகை வந்தது,
இருவருமே பீடி குடிப்பதில்லை.

தோட்டத்துக்கு மேலே மொட்டைச் சரிவில்
மானாப்புல் ஆள் உயரம்.
வெட்ட வந்தாள் பெர்னதெத்,
கொழுந்து நிறுத்து முடிந்த பின்னேரங்களில்,
இன்னும் மூன்று பெண்களோடு.
கட்டுக்கு நூற்றுப் பத்து ரூபாய்.
கணக்குக் கொப்பி என்னிடம்.
அந்தப் புல்லின் ஓரம் கையை அறுக்கும்,
அறுத்த இடம் எலுமிச்சை மணக்கும்.

சவுக்குக் கம்பில் சட்டம், சரிவு செங்குத்தாய்.
படுத்த கூரையில் தண்ணீர் உட்கார்ந்து யோசிக்கும்,
நிமிர்ந்த கூரையில் ஓடிவிடும்.
கீழிருந்து மேலே, ஒரு வரிசையின் தலையை
அடுத்த வரிசையின் பாவாடை மூட,
தும்புக் கயிற்றால் இழுத்து இறுக்கினோம்.
சுத்தியல் பையிலேயே கிடந்தது.
நாள் முழுக்கச் சத்தமில்லாமல் வேலை செய்வது
திருட்டு வேலை மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் கணவாய்க் காற்று வந்து
கிழக்குப் பக்கத்தை
முழங்கால் வரை தூக்கிப் பார்த்தது.
எங்கள் லயத்தில் என்றால் கல் வைப்போம்,
பழைய டயர் வைப்போம். சொன்னேன்.
"லுக் கெட்டுடும், பாஸ்."
அதனால் அம்பாந்தோட்டையிலிருந்து வந்தது மீன்வலை,
பாவித்தது, மலிவு.
கூரைமேல் விரித்து நாலு பக்கமும் கட்டினோம்.
கண்ணிகளில் இன்னும் செதில் இருந்தது.
அன்று இரவே
அக்கம்பக்கத்துப் பூனைகள் ஏழும் உச்சியில்.
மாத்தயா டோர்ச் அடித்து
பதினான்கு கண்களை எண்ணினார்.

வெள்ளி பின்னேரம் மழை.
நான் ஓரம் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.
பெண்கள் கடைசிக் கட்டைப் போட்டுவிட்டு
உள்ளே ஓடி வந்தார்கள்.
பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டேன்,
அந்த அடிக்காக.

தகரத்தின் கீழ் பிறந்தவனுக்கு
மழை என்றால் பேச்சு நிற்கிற நேரம்.
கடனைக் கேட்டு வந்தவன் வாயசைப்பான்,
காதைத் தொட்டு, மேலே காட்டி, கையை விரிக்கலாம்.
பொஞ்சாதி தொடங்கிய சண்டை
மழை விடும்போது ஆறிப்போயிருக்கும்.
எத்தனை கேள்வியை
எனக்காக வாங்கிக்கொண்டிருக்கிறது தகரம்!

அடி விழவில்லை.
மழை புல்லுக்குள் புகுந்து
கம்பளிக்குள் நடக்கிற ஆள் மாதிரி
எங்கோ இறங்கிக்கொண்டிருந்தது.
கூரை ஓரத்தில் மட்டும் நூல் நூலாக.
உள்ளே ஒரு சொட்டு இல்லை.
எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"பாஸ்," என்றாள் பெர்னதெத்.
குரலை உயர்த்தவில்லை. தேவையும் இல்லை.
"செவ்வாக்கிழம நான் போட்டது பதினெட்டு.
கொப்பியில பன்னெண்டு."

நான் காதைத் தொட்டேன்.
மேலே காட்டினேன்.
மற்ற மூன்று பெண்களும் மேலே பார்த்தார்கள்,
அப்படி என்னதான் இருக்கிறது என்று.
புல் இருந்தது,
வரிசை வரிசையாய், என் கை கட்டியது,
நல்ல வேலை.
அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

ஆறு கட்டு. அறுநூற்று அறுபது.
பேனையைத் தேடினேன், சட்டைப் பையில், கால்சட்டையில்,
சுத்தியல் பையில்.
மற்றக் காதில் இருந்தது.